கணக்கெழுதுங் கருவி எவர் கையில்?

கருவியொன்றைத் தேர்ந்தெடுப்பவன் அக்கருவி எம்மொழியில் எழுதும், எவர் சொற்படி நடக்கும், எந்நாளில் நின்றுபோகும் என்பனவற்றையும் உடன் சேர்த்தே தேர்ந்தெடுத்து விடுகின்றான். ஏரும் ஏற்றமும் வாங்கிய காலத்தில் இவ்வுண்மை உழவனுக்கு நன்கு தெரிந்திருந்தது. கொழு தேய்ந்தால் ஊர்க்கொல்லன் அடித்துக் கொடுப்பான். சால் ஓட்டையானால் ஊரிலேயே அடைப்பான். அவ்வுழவன் விளைத்த நெல்லையும், கறந்த பாலையும், வாங்கிய கடனையும், கட்டிய வட்டியையும் இன்று கணக்கிட்டு வைப்பது மென்பொருள். அதனை வாங்கும்போது மட்டும் அப்பழைய அறிவு மறந்துபோகின்றது. விற்க வந்தவன் திரையில் நான்கு வண்ணப் படங்களைக் காட்டுகின்றான், முதலாளி தலையசைக்கின்றார், எட்டாண்டுக் கணக்கு ஒருநாட் பேச்சில் அடகு வைக்கப்படுகின்றது.

புதுவை மாநிலத்தின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இத்தேர்வு இன்று பெருநகரத்தார் சிக்கலன்று; ஊர்ச் சிக்கல். வில்லியனூர்ப் பக்கத்தில் புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கைவினைத் தொழில் உண்டு. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை உண்டு. பாகூரில் ஏரிப்பாசன நெல்லும் அதனைச் சார்ந்த ஆலைகளும் உண்டு. கிருமாம்பாக்கத்தில் தொழிற்பேட்டை உண்டு. இரண்டிலும் பால் கூட்டுறவும் கடன் கூட்டுறவும் உண்டு. இவற்றுள் பெரியதாயினும் சிறியதாயினும் கணிப்பொறியில்லாமல் கணக்கு முடிக்கும் நிலை ஏறத்தாழ நீங்கிவிட்டது.

நீக்கியது சட்டம். ஆங்கில எழுத்துகளால் சி.எசு.டி. என மக்கள் அழைக்கும் சரக்கு பணி வரி 2017 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்பிரலில் சரக்கு விற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டிய விற்றுமுதல் எல்லை பல மாநிலங்களில் 40 இலக்கம் உருபாவாக உயர்ந்தபோது, புதுச்சேரி 20 இலக்கத்திலேயே நின்றது. ஆகலின் எல்லைக்கு அப்பால் கடலூர் மாவட்டத்துக் கடைக்காரர் வலைக்கு வெளியே நிற்கும் அளவிலேயே பாகூர்க் கடைக்காரர் வலைக்குள் வந்துவிட்டார். 2023 ஏப்பிரல் முதல், குழுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒவ்வொரு நிறுவனமும், கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளோடு பதிந்து வைக்கும் மென்பொருளையே கையாளல் வேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்க இயலாததாகவும் அஃது இருத்தல் வேண்டும். அதே ஆண்டு ஆகத்து முதல், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் பிற வணிகர்க்குத் தரும் விற்பனைப் பட்டியலை மின்வழியே பதிவு செய்தல் வேண்டும். எனவே மென்பொருள் வேண்டுமா வேண்டாவா என்பது முடிந்த வழக்கு. எது வேண்டும் என்பதே எஞ்சியிருப்பது.

முதலில் வேலையை அளத்தல்

சட்டை தைப்பவன் முதலில் உடலை அளக்கின்றான். மென்பொருள் வாங்குவோரோ கடையில் தொங்கும் சட்டையை எடுத்து உடலை அதற்குள் திணிக்கின்றனர். ஒரு திங்கள் முழுதும் தம் நிறுவனத்தில் என்னென்ன எழுதப்படுகின்றன, எவர் எழுதுகின்றார், எவர் படிக்கின்றார் என்று ஒரு தாளில் குறித்து வைத்த பின்னரே விற்பவனை உள்ளே அழைத்தல் வேண்டும்.

பாகூர்ப் பக்கத்து நெல்லாலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கடைக்கணக்கு மென்பொருள் ஒரு பொருள் உள்ளே வந்தது, அதே பொருள் வெளியே போயிற்று என்றே கணக்கிடும். ஆலையில் அப்படியன்று. உள்ளே வருவது நெல். வெளியே போவன அரிசி, குருணை, தவிடு, உமி. அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் நெல்லில் நூற்றுக்குப் புழுங்கலரிசி 68, பச்சரிசி 67 என்று அளவு வைத்திருக்கின்றனர். நெல்லின் ஈரம் எத்துணை, எந்த உழவரின் மூட்டை எந்த அரவையில் சேர்ந்தது, கூலி அரவையா கொள்முதல் அரவையா என்பவற்றைப் பிரித்தறியாத மென்பொருள் ஆலைக்கு உதவாது. உதவாத மென்பொருளை வாங்கிய ஆலையில் என்ன நடக்கும்? உண்மைக் கணக்கு பழைய நோட்டிலேயே நடக்கும். கணிப்பொறியில் வரியலுவலர்க்காக ஒரு கணக்கு எழுதப்படும். இரண்டு கணக்கு எழுதும் கூலி முதலாளிக்கு. இரண்டும் ஒவ்வாதபோது வரும் தண்டமும் அவர்க்கே.

சுடுமண் தொழிலில் சூளையில் உடைவன எத்துணை என்பதே ஊதியத்தையும் இழப்பையும் முடிவு செய்கின்றது. வந்த முன்பணம், செய்து முடித்த உருக்கள், வேகும்போது உடைந்தவை, அனுப்பியவை என நான்கு பத்திகள் போதும். அதற்கு ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கென எழுதப்பட்ட பெருமென்பொருளை வாங்குவது எலி பிடிக்க யானை வாங்குவதாகும். அத்தொழிலாளிக்கு ஒரு நல்ல விரிதாளே போதுமென்று சொல்லும் நேர்மை விற்பவனிடம் இராது. வாங்குபவரிடம் அந்தத் தெளிவு இருத்தல் வேண்டும்.

தமிழ் அறியுமா?

இரண்டாவது ஆய்வு மொழியாய்வு. ‘எங்கள் மென்பொருள் தமிழிலும் உண்டு’ என்பான் விற்பவன். முகப்புத் திரையில் நான்கு சொற்கள் தமிழில் இருந்தால் போதும் என்பது அவன் எண்ணம். அதனை நம்பாமல் ஆய்ந்து பார்க்க எளிய வழிகள் உள்ளன.

உறுப்பினர் பெயர்களை உள்ளிட்டு அகரவரிசைப்படுத்தச் சொல்லுதல் வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ என்பவற்றின் பின்னரே ழ, ள, ற, ன வரும். ஒருங்குறியிலோ ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும், ‘ள’வுக்கு அடுத்து ‘ழ’வும் வைக்கப்பட்டுள்ளன. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள், வழுதிக்கு முன்னே வள்ளியை வைக்கும். கபிலனுக்கு முன்னே கனிமொழியை வைக்கும். கண்ணனுக்கு முன்னே கணியனை வைக்கும். அகரமுதலி பார்க்கத் தெரிந்த சிறுவனும் செய்யாத பிழை இது. ஆயிரம் உறுப்பினர் உள்ள கழகத்தில் ஒருவர் பெயரைப் பட்டியலில் தேடும் கணக்கர், இப்பிழையால் ‘உங்கள் பெயரே இல்லை’ என்று உழவரைத் திருப்பி அனுப்பக்கூடும். இதனைத் திருத்தும் முறை மென்பொருள் எழுதுவோர்க்குத் தெரியாததன்று; தமிழ் வரிசைக்கான விதிகள் எழுதப்பட்டே உள்ளன. கேட்பார் இல்லாமையாலேயே அவர்கள் செய்வதில்லை.

அடுத்து, பட்டியலைத் தமிழில் அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். தமிழில் ஒரு பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தல் வேண்டும். தமிழ் 99 விசைப்பலகையில் உள்ளிட இயலுமா என்று பார்த்தல் வேண்டும். உழவரின் கைப்பேசிக்குத் தமிழில் செய்தி போகுமா என்று அனுப்பிப் பார்த்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எழுத்து ஒருங்குறியில் உள்ளதா என்று அறிதல் வேண்டும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி விசைப்பலகையும் எழுத்துருக் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 துணுக்கு அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னே வானவில், பாமினி எனப் பல எழுத்துருக்களில் எழுதப்பட்ட கணக்குகளும் மடல்களும் அந்த எழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. தமிழில் எழுதப்பட்டும் தமிழாய் நில்லாத எழுத்து அது. 2010இல் கிரந்தத்தையும் தமிழையும் ஒருங்குறியில் கலக்கும் முன்மொழிவுகள் எழுந்தபோது தமிழுணர்வாளர் கிளர்ந்தெழுந்து தடுத்தனர். கிரந்தம் 2014இல் தனியிடம் பெற்றுத் தமிழ் தன்னிடத்தே நின்றது. அவ்விழிப்பு எழுத்துக் குறியீட்டோடு நின்றுவிடலாகாது. அவ்வெழுத்தால் எழுதப்படும் பேரேட்டுக்கும் வருதல் வேண்டும்.

‘கணக்கியலுக்குத் தமிழில் சொல் ஏது?’ என்பார் உளர். பற்று, வரவு, இருப்பு, முதல், வட்டி, தவணை, கொள்முதல், சிட்டை, பேரேடு, ஐந்தொகை என இத்துணைச் சொற்களும் கடைவீதியில் வழங்குவன. கணிப்பொறி வருமுன்னே கடல் கடந்து பொருளீட்டிய தமிழ் வணிகர் பெருங்கணக்குகளை இச்சொற்களாலேயே எழுதினர். இங்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. இருக்கும் சொல்லைத் திரையில் ஏற்றினால் போதும். பெங்களூரில் தோன்றி நாடெங்கும் பரவியுள்ள டாலிக் கணக்கு மென்பொருளில் பல இந்திய மொழிகளோடு தமிழும் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. அவ்வேற்பாட்டைத் திறந்து பார்த்த தமிழ்க் கடைக்காரர் எத்துணையர்? விற்பவன் தமிழைத் தரவில்லை என்று குறை கூறுவோர், தந்த இடத்தில் தொடாமல் விட்டமைக்கும் விடை கூறுதல் வேண்டும்.

செப்பேடு கற்பிக்கும் பாடம்

பாகூருக்கு இவ்வகையில் பழம்பெருமை ஒன்று உண்டு. பல்லவ வேந்தன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு 9ஆம் நூற்றாண்டினது. பாகூரில் இருந்த ஒரு கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட ஆவணம் அது. வேந்தர் குடிப்பெருமையை வடமொழிப் பாட்டுகளால் பாடிய அவ்வேடு, நிலம் பற்றிய ஆணையைத் தமிழ் உரைநடையிலேயே கூறுகின்றது. ஏன்? நிலத்தை உழுதவனும் அளந்தவனும் ஊரவையில் இருந்தவனும் தமிழன். அவன் அறியாத மொழியில் எழுதினால் எல்லை எது, வரி எது, உரிமை எவனுடையது என்று அவனுக்கே தெரியாமற் போகும். வடமொழிக் கல்விக்குக் கொடை விட்ட வேந்தனுங்கூட ஊர்க் கணக்கைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது என்பதைத் தமிழர் நெஞ்சில் நிறுத்துதல் நன்று.

இன்னுமொரு பாடம் உண்டு. ஆயிரத்து நூறாண்டுக்கு மேற்பட்ட அவ்வேட்டைப் படிக்க எழுத்தறிந்த கண் ஒன்றே போதும். முப்பதாண்டுக்கு முன் மெல்வட்டில் எழுதி வைத்த கணக்கைப் படிக்க இன்று அந்த வட்டை ஏற்கும் பொறியும் வேண்டும். அதை எழுதிய மென்பொருளும் வேண்டும். இரண்டும் கிடைப்பது அரிது. வரிச்சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 திங்கள் காத்தல் வேண்டும்; குழுமச் சட்டப்படி எட்டாண்டு காத்தல் வேண்டும். காப்பது என்பது பூட்டி வைப்பதன்று. கேட்டபோது திறந்து படிக்கும்படி வைப்பது. எனவே, மென்பொருளிலிருந்து எல்லாக் கணக்கையும் எவரும் படிக்கத்தகும் திறந்த வடிவில் வெளியே எடுக்க இயலுமா என்பது மூன்றாவது ஆய்வு. வாங்கும் முன்பே எடுத்துக் காட்டச் சொல்லுதல் வேண்டும். உள்ளே போகும் வாயிலைப் பெரிதாக வைத்து வெளியே வரும் வாயிலை அடைத்த கட்டடம் எதுவோ, அதற்குச் சிறை என்று பெயர்.

குடிக்கூலி வீடும் அயலான் பூட்டும்

முன்பெல்லாம் மென்பொருளை விலைக்கு வாங்கித் தம் பொறியில் வைத்துக்கொண்டனர். இன்று பெரும்பாலும் அது முகில் எனப்படும் அயலிடத்து வழங்கியில் இருக்கின்றது. திங்கள்தோறும் குடிக்கூலி கட்டிப் பயன்படுத்துகின்றனர். இதனால் நன்மை இல்லாமலில்லை. பொறி பழுதானாலும் கணக்கு அழியாது. வரிவிதி மாறினால் உடனே மாற்றப்படும். ஆனால் திறவுகோல் அயலான் கையில் உள்ளது என்பதை மறத்தலாகாது.

2025 சூலையில் நடந்தது இதற்குச் சான்று. குசராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்த் தூய்விப்பாலை நடத்தும் நயாரா நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கு உருசிய நிறுவனம் ஒன்றனுடையது. அம்மாதம் 18ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் நயாராவின்மேல் தடை விதித்தது. சில நாட்களில் அமெரிக்க மைக்ரோசாப்ட்டு நிறுவனம் நயாராவுக்குத் தரும் மென்பொருட் பணிகளை நிறுத்தியது. அந்நிறுவன ஊழியர் தம் மடல்களையே திறக்க இயலாமற் போயினர். பணம் முழுதும் கட்டியிருந்தோம் என்று நயாரா தில்லி உயர்நயன்மன்றத்திற்குச் சென்றது; திங்கள் முடிவதற்குள் பணிகள் மீண்டன. இந்திய நாட்டுச் சட்டம் எதனையும் மீறாத நிறுவனம், எங்கோ எடுக்கப்பட்ட முடிவால் ஒரு கிழமை முடங்கிற்று. பெரும்பொருளும் பெருவழக்கறிஞரும் உடைய நயாரா நயன்மன்றம் சென்றது. வில்லியனூர்த் தொழிற்கூடம் ஒன்றுக்கு இந்நிலை நேர்ந்தால் அஃது எங்கே செல்லும்?

கூட்டுறவாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொரு சான்று 2024 சூலை 31ஆம் நாளையது. கூட்டுறவு வைப்பகங்களுக்கும் ஊரக வைப்பகங்களுக்கும் தொழில்நுட்பப் பணி தரும் சி-எட்சு என்னும் ஒரே நிறுவனம் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நோய் பரவாமலிருக்க அதனை நாடு தழுவிய பணப்பரிமாற்றப் பிணையத்திலிருந்து துண்டித்தனர். ஏறத்தாழ 300 சிறு வைப்பகங்களின் பணப்பரிமாற்றம் நின்றது. அடுத்த நாளே சீராயிற்று எனினும், ஒருவன் வீட்டுப் பூட்டு உடைந்தால் முந்நூறு வீடும் திறந்து கிடக்கும் ஏற்பாட்டின் இயல்பு அன்று வெளிப்பட்டது.

இவற்றால் முகிலே கூடாது என்பது முடிவன்று. குழும விதிகளே, மின்வடிவக் கணக்கின் காப்புப்படி நாள்தோறும் இந்திய எல்லைக்குள் உள்ள வழங்கியில் வைக்கப்படுதல் வேண்டும் என்கின்றன. அதனோடு நில்லாமல், கிழமைக்கு ஒருமுறையேனும் கணக்கின் முழுப்படியைத் தம் அலுவலகத்துப் பெட்டகத்திலும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கட்டணம் நின்றால் எத்துணை நாள் கணக்கைத் திறக்கலாம், நிறுவனம் மூடப்பட்டால் கணக்கு எவர்க்குரியது, வழக்கு வந்தால் எந்த ஊர் மன்றத்தில் என்னும் மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் விடையிருத்தல் வேண்டும். இது நான்காவது ஆய்வு.

விலையும் செலவும்

விற்பவன் சொல்வது விலை. வாங்கியவன் படுவது செலவு. ஒருவர்க்குத் திங்களுக்கு 500 உருபா என்று விற்பவன் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். எண்மர் பயன்படுத்தினால் திங்களுக்கு 4,000, ஆண்டுக்கு 48,000, சட்டப்படி கணக்கைக் காக்க வேண்டிய எட்டாண்டுக்கு 3,84,000. பயிற்சிச் செலவும், பழைய கணக்கை ஏற்றும் கூலியும், இடையில் உயர்த்தப்படும் கட்டணமும் இதில் சேரவில்லை. 2025 அக்தோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10க்குரிய இலவயக் காப்பு மேம்பாட்டை அதன் நிறுவனம் நிறுத்திக்கொண்டதையும் எண்ணுதல் வேண்டும். நன்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய பொறிகள் பல அடுத்த பதிப்புக்குத் தகுதியில்லை என ஒதுக்கப்பட்டன. மென்பொருளுக்காகப் பொறியையும் மாற்ற வேண்டிய செலவு அது.

இவ்விடத்தில்தான் கட்டற்ற மென்பொருள் கருதத்தக்கது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தே உள்ளது. எவரும் ஆயலாம், திருத்தலாம், தமிழாக்கலாம், பிறர்க்குத் தரலாம். அலுவலக வேலைக்குரிய லிப்ரே ஆபீசு தமிழ் முகத்தோடு கிடைக்கின்றது. மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்சுட்டு, கொள்முதல் முதல் ஆக்கம், இருப்பு, ஊதியம், ஐந்தொகை வரை ஒரு தொழிலகத்திற்கு வேண்டிய பலவற்றைக் கட்டற்ற உரிமத்தோடு தருகின்றது. 2006–07 அளவில் தமிழ்நாட்டரசின் எல்காட்டு நிறுவனம் தன் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டியது. கேரளப் பள்ளிகள் பல்லாண்டாய்க் கட்டற்ற மென்பொருளிலேயே பயில்கின்றன. 2015இல் நடுவணரசே தன் துறைகளுக்குத் திறந்த மூலநிரல் மென்பொருளை முதற்கண் கருத வேண்டுமெனக் கொள்கை வகுத்தது.

எனினும் கட்டற்றது என்பதனாலேயே செலவற்றது என்று மயங்குதல் கூடாது. செருமனியின் மியூனிக்கு நகராட்சி 2003இல் முடிவெடுத்து ஏறத்தாழப் பதினையாயிரம் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றிப் பெரும்புகழ் பெற்றது. அதே நகராட்சி 2017இல் மீண்டும் விண்டோசுக்குத் திரும்ப முடிவு செய்தது. ஆட்சி மாறியபோது பற்றும் மாறிற்று. பேணும் ஆள் இல்லையேல் எந்த மென்பொருளும் தழையாது. உரிமத்திற்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் ஒருவர்க்குக் கூலியாகத் தர முன்வருபவர்க்கே கட்டற்ற மென்பொருள் பயன்தரும். அப்படித் தரும் பணம் ஊரிலேயே சுழலும் என்பதும் எண்ணத்தக்கது. புதுவையிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருளுக்கென்றே இளைஞர் அமைப்புகள் இயங்குகின்றன. தொலைவூர் அழைப்பு நடுவத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் காத்துக் கிடப்பதினும், மிதிவண்டித் தொலைவில் தமிழில் விளக்குவார் ஒருவர் இருப்பது மேல். இடர் வந்தால் எவர் வருவார், எத்துணை நேரத்தில், எம்மொழியில் என்பது ஐந்தாவது ஆய்வு.

இரு மறுப்புகள்

‘வரியறிக்கையே ஆங்கிலத்தில் கேட்கின்றனர், உள்ளே தமிழ் எதற்கு?’ என்பது முதல் மறுப்பு. வரியறிக்கை திங்களுக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ வெளியே போவது. பேரேடு நாள்தோறும் உள்ளே எழுதப்படுவது. எழுதுபவர் ஊர்ப்பெண், படிப்பவர் ஊர் மேலாளர், கேட்பவர் ஊர் உழவர். வெளியே போகும் நான்கு எண்களுக்காக உள்ளிருக்கும் நாற்பதினாயிரம் பதிவையும் அயன்மொழியில் எழுதுவது, ஆண்டுக்கொருமுறை வரும் விருந்தாளிக்காக வீட்டார் எல்லாரும் திண்ணையில் படுப்பதை ஒக்கும். அன்றியும், புதுச்சேரியின் 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. உடனே ஆங்கிலமும் வழங்கலாம் என்று பின்வாயிலையும் திறந்து வைத்தது. அந்தப் பின்வாயிலே இன்று தலைவாயிலாகிவிட்டது. அலுவலகம் தமிழில் கேட்கவில்லை என்று தொழிலகமும், தொழிலகம் தமிழில் தரவில்லை என்று அலுவலகமும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருந்தால் தமிழ் எந்நாளும் உள்ளே வாராது. யாரேனும் ஒருவர் தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தமிழன்பரிடமிருந்தே வருவது: ‘தமிழன் செய்த மென்பொருள், தமிழ்ப்பெயர் தாங்கிய மென்பொருள், அதனாலேயே வாங்குதல் வேண்டும்.’ இஃது அன்பினால் எழுந்த தவறு. கூட்டற்கணக்கில் பிழை செய்யும் மென்பொருளுக்குத் தூயதமிழ்ப் பெயர் சூட்டினால் பிழை தூயதாகாது, தமிழுக்கே இழுக்காகும். ‘தமிழில் செய்தால் இப்படித்தான்’ என்று எள்ளுவோர் வாய்க்கு அவலிடுவதாக முடியும். தமிழ் மென்பொருள் பிறிதெம்மொழி மென்பொருளினும் ஒரு மாற்றுக் குறையாததாய் இருத்தல் வேண்டும் என்று கேட்பவரே தமிழுக்கு உண்மையாய் உழைப்பவர். குறையிருப்பின் வாங்காமல் விட்டு, குறையை எழுதிக் கொடுத்து, திருத்திய பின் வாங்குதல் செய்தவனுக்கும் நன்று.

கூட்டுறவில் நேர்வது

இவை யாவும் முதலாளிக்குரிய கேள்விகள். கூட்டுறவுக் கழகத்திலோ முதலாளி என ஒருவர் இல்லை. உறுப்பினர் அனைவரும் முதலாளிகள். ஆனால் அங்குத்தான் உறுப்பினரைக் கேளாமல் மென்பொருள் வருகின்றது. 2022 சூன் திங்களில் நடுவண் அமைச்சரவை 2,516 கோடி உருபாச் செலவில் 63,000 தொடக்க வேளாண் கடன் கூட்டுறவுகளைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுமைக்கும் ஒரே பொது மென்பொருள், முகிலில் இருக்கும், ஒரே கணக்குமுறை. கையெழுத்துப் பேரேட்டில் நடந்த புரட்டுகளை இது தடுக்கும் என்பதில் உண்மை உண்டு. அதனை மறுத்தல் நேர்மையாகாது. அம்மென்பொருள் அந்தந்த வட்டார மொழியில் இருக்கும், மாநிலத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடந்தரும் என்றும் அறிவிப்பிலேயே சொல்லப்பட்டுள்ளது. சொல்லப்பட்டதைக் கேட்டுப் பெறுவது உறுப்பினர் கடமை.

ஏனெனில், முன்பு எழுதப்படிக்கத் தெரியாத உழவர் கடன்சீட்டில் கைந்நாட்டு வைத்தார். அவ்விழிவு நீங்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன; அவர் பிள்ளைகள் தமிழ் கற்றனர். இன்று தமிழ் நன்கு படிக்கத்தெரிந்த அம்மகன் கழகத்தில் அமர்ந்திருக்கின்றான். திரையில் உள்ளது அவனுக்கு விளங்காத ஆங்கிலம். கைப்பேசிக்கு ஆறிலக்க மறைவெண் ஒன்று வருகின்றது, என்னவென்று அறியாமலே அவ்வெண்ணைக் கணக்கரிடம் சொல்கின்றான், ஒப்புதல் பதிவாகின்றது. தந்தை வைத்த கைந்நாட்டுக்கும் மகன் சொல்லும் ஆறிலக்கத்திற்கும் வேறுபாடு என்ன? படித்தவனையும் படிக்காதவனாக்கும் ஆற்றல் ஒரு மென்பொருளின் மொழித்தேர்வுக்கு உண்டு.

பால் கூட்டுறவிலும் இதுவே. காலையும் மாலையும் பாலை அளக்கும் பொறி, கொழுப்பு இத்துணை, கொழுப்பல்லாத திடப்பொருள் இத்துணை என்று அளந்து விலை போடுகின்றது. அதன் சிட்டை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் வருமானால், நேற்று ஒரு விலை இன்று ஒரு விலை ஏன் என்று மாடு வளர்க்கும் பெண் கேட்கவே வழியில்லை. ‘கொழுப்பு’ என்று தமிழில் அச்சானால், தீவனத்தை மாற்றிப் பார்ப்பாள். பொறி பிழையாய் அளந்தால் ஏனென்று கேட்பாள். கேள்வி கேட்கும் உறுப்பினர் உள்ள கூட்டுறவே பிழைத்திருக்கும்.

செய்யத்தக்கன

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் உள்ள தமிழுணர்வாளர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கூட்டுறவில் உறுப்பினராகவோ, ஒரு கடைக்கு உரியவராகவோ, ஒரு தொழிலகத்தில் ஊழியராகவோ இருப்பர். அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருதல் அவர்க்கு இயலாததன்று. உறுப்பினர்க்குத் தரும் சிட்டையும், கடன் ஆவணமும், கைப்பேசிச் செய்தியும் தமிழில் இருத்தல் வேண்டும். உறுப்பினர் பட்டியல் தமிழ் அகரவரிசையில் இருத்தல் வேண்டும். கணக்கின் முழுப்படி ஒன்று கழகத்திடமே இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் எழுத்தில் கேட்டால், எழுத்தில் விடை தரும் கடமை அலுவலர்க்கு வரும். தொழிலகம் நடத்துவோர், வேலைக்குப் பொருந்துமா, தமிழ் அறியுமா, கணக்கை வெளியே எடுக்கலாமா, திறவுகோல் எவரிடம், இடரில் எவர் வருவார் என்னும் ஐந்து கேள்வியையும் ஒரு தாளில் எழுதி, விற்பவனிடம் கையொப்பம் பெற்ற பின்னரே முன்பணம் தருதல் வேண்டும். கையொப்பமிடத் தயங்குபவனை வாயிலோடு அனுப்புதல் நன்று.

கேட்கும் தமிழர் பத்துப்பேர் இருந்தால் விற்பவன் பொருட்படுத்தான். ஆயிரவர் இருந்தால் அவனே தமிழைத் தூக்கிக்கொண்டு வருவான். மொழிப்பற்று மேடையில் முழங்கியது போதும். இனி அது விலைகேட்கும் இடத்திலும், ஒப்பந்தத் தாளிலும், பேரேட்டின் முதல் வரியிலும் பேசுதல் வேண்டும்.